திரை வராதபோது: லினக்ஸ் கணினியில் காட்சிக் கோளாறுகளைக் கண்டறிதல்

லினக்ஸ் கணினியில் திரை இருண்டுபோனால் காரணம் ஐந்து அடுக்குகளில் ஒன்றில் இருக்கும்: மின்சாரமும் வன்பொருளும், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வரைகலை இயக்கி, காட்சி வழங்கி, நுழைவுத் திரை, பயனரின் மேசைத்தளம். கீழ் அடுக்கு சரியாக எழுந்தால்தான் மேல் அடுக்கு எழும். ஆகவே பழுது தேடும் வேலையும் கீழிருந்து மேலே செல்ல வேண்டும். இந்த ஒழுங்கை மறந்து கையில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் தட்டிப் பார்ப்பதும், கடைசியில் எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாகப் போடுவதும் நேரத்தைத் தின்னும். கேபிள் கெட்டிருந்தால் பத்து முறை புதிதாகப் போட்டாலும் திரை வராது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் போன்றவை நல்ல வழி. கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாலிங் வட்டாரங்களின் தமிழ்ப்பள்ளிகளுக்கும் கோயில் அலுவலகங்களுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் இது பொருந்தும். ஆனால் திரை வராதபோதெல்லாம் தோட்டத்துப் பள்ளியிலிருந்து பட்டணத்துக் கடைக்குக் கணினியைத் தூக்கிச் செல்வது ஒரு நாள் வேலை. அதற்கு முன்பு அங்கேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இந்த அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தரப்பட்டுள்ளன. எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்லப்படுவனவற்றை, முனையத்தில் அந்தந்த ஆங்கிலச் சிறிய எழுத்துகளாக இடைவெளியின்றித் தட்ட வேண்டும்.

1. படம் எங்கே நின்றது?

கணினியை அணைத்து, மீண்டும் இயக்கி, திரையை முதல் நொடியிலிருந்து கவனிக்க வேண்டும். படம் நிற்கும் இடமே பழுது இருக்கும் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும்.

• தயாரிப்பாளர் சின்னம்கூடத் தெரியவில்லை: வன்பொருள். லினக்ஸுக்கு இதில் பங்கில்லை.
• சின்னமும், இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலும் தெரிகின்றன, பிறகு திரை இருள்கிறது: கெர்னலின் வரைகலை இயக்கி.
• வெள்ளை எழுத்துகள் ஓடி, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டு நிற்கிறது: காட்சி வழங்கி அல்லது நுழைவுத் திரையின் நிரல்.
• கடவுச்சொல் சரியாக இருந்தும், தட்டியவுடன் மறுபடி நுழைவுத் திரையே வருகிறது: பயனர் கணக்கு.
• மேசைத்தளம் வருகிறது, ஆனால் படம் பெரிதாகவோ மங்கலாகவோ இருக்கிறது: திரையும் கணினியும் தம் அளவுகளைப் பரிமாறிக்கொள்வதில் தடை.
• எல்லாம் சரி, தமிழ் மட்டும் கட்டங்களாகத் தெரிகிறது: எழுத்துரு.

திரை இருண்டிருக்கும்போது கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பார்க்கலாம். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது, காட்சி மட்டும் போயிருக்கிறது. விளக்கு அசையவில்லையென்றால் கணினி உறைந்துபோயிருக்கலாம். அருகில் இன்னொரு கணினி இருந்து, பழுதான கணினியில், தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் முன்பே போடப்பட்டிருந்தால், வலையமைப்பு வழியாக உள்ளே நுழைந்து பின்வரும் சோதனைகளையெல்லாம் அங்கிருந்தே செய்யலாம்.

2. மின்சாரம், இடி, ஈரம்

மலேசியாவின் மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டிய வாரங்களிலும் மாலை நேரத்து இடிமழை அதிகம். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, இணையக் கம்பி வழியாகவும் வரும். அதிர்ச்சித் தடுப்பான் உள்ள பிளக் கட்டை ஓரளவே காக்கும். பள்ளி முடிந்ததும் மின்பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றிவைப்பதுதான் உறுதியான காப்பு. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போவது போதாது.

இடி விழுந்த மறுநாள் திரை வராவிட்டால் சோதனை வரிசை இது. முதலில் திரையின் சொந்த விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, திரையின் உள்ளீட்டுத் தெரிவு சரியான துளையைக் காட்டுகிறதா என்பது. விஜிஏ கம்பியைச் செருகிவிட்டு எச்டிஎம்ஐ உள்ளீட்டில் விட்டிருந்தால் ‘நோ சிக்னல்’ என்றுதான் வரும். மூன்றாவதாக, வேறொரு கணினியின் நல்ல கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். மேசைக்கணினியில் தனி வரைகலை அட்டை இருந்தால், கம்பி அந்த அட்டையின் துளையில் இருக்க வேண்டும். மதர்போர்டின் துளையில் செருகி, பழுது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடப்பது.

மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரியையும் எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு மீண்டும் இயக்கலாம். உள்ளே தேங்கிய மின்னூட்டம் இறங்கியதும் சில கணினிகள் எழுந்துவிடும். உள்திரை வேலை செய்து, எச்டிஎம்ஐ துளையில் மட்டும் எதுவும் வரவில்லையென்றால் அந்தத் துளையோ அதன் சுற்றோ கருகியிருக்க வாய்ப்புண்டு. அதை மென்பொருளால் மீட்க முடியாது.

ஈரம் மெதுவாகச் செய்யும் கேடு வேறு. நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பிறகு எழாத கணினிகளில் ரேம் அட்டையின் பற்களில் படலம் படிந்திருக்கலாம். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்து, ரேமை எடுத்து, அழிப்பானால் பற்களை மெல்லத் துடைத்து, துகள்களை ஊதிவிட்டு மீண்டும் பொருத்தினால் பல கணினிகள் உயிர்பெறும். விஜிஏ பிளக்கின் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால் அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய கட்டடங்களில் எலி கடித்த கம்பியும், பவர் சப்ளை பெட்டிக்குள் புகுந்த பல்லியும் எறும்பும்கூடக் காரணமாகலாம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

3. கெர்னலின் வரைகலை இயக்கி

சின்னம் தெரிந்து, பிறகு இருண்டால் வன்பொருள் பெரும்பாலும் நலம். கெர்னல் எழும்போது வரைகலைச் சில்லுக்கு உரிய இயக்கியை ஏற்றித் திரையின் அளவைத் தானே அமைக்கிறது. இருள்வது இந்தக் கட்டத்தில்தான்.

புதுப்பிப்புக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால் பழைய கெர்னலோடு இயக்கிப் பார்ப்பது முதல் வேலை. கணினி எழும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால், பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருந்தால், கிரப் பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தெரிவுகள் என்ற வரிக்குள் முந்தைய கெர்னல் இருக்கும். அதில் திரை வந்துவிட்டால் பழுது புதிய கெர்னலிலோ அதற்கான இயக்கியிலோ உள்ளது என்பது உறுதி.

பழைய கெர்னலும் உதவாவிட்டால் கிரப் பட்டியலில் முதல் வரியின்மேல் நின்று ‘இ’ விசையை அழுத்த வேண்டும். தோன்றும் வரிகளில் ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்ற சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்தினால் கணினி எழும். கெர்னல் தன் வரைகலை இயக்கியை விட்டுவிட்டு, எளிய படத்தோடு நிற்கச் சொல்வது இது. இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. படம் மங்கலாகவும் மெதுவாகவும் இருக்கும், ஆனால் பழுது இயக்கியில்தான் என்று தெரிந்துவிடும். இதையே நிரந்தரமாக எழுதிவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று விடக் கூடாது. சரியான இயக்கியைப் போடும்வரை உள்ளே நுழைய உதவும் வாசல் இது, அவ்வளவே.

சில்லு எது என்பதை ‘எல் எஸ் பி சி ஐ’ என்ற கட்டளை (இதில் ‘பி’ ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்து) சொல்லும். இண்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கான இயக்கிகள் கெர்னலோடு வருகின்றன. அவற்றில் விடுபட்டுப்போகக்கூடியது, சில்லுக்குள் ஏற்றப்படும் ஃபெர்ம்வேர் கோப்பு. டெபியன் 11 வரை தனியுரிமை ஃபெர்ம்வேர் வழக்கமான நிறுவல் வட்டில் இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது சேர்த்தே தரப்படுகிறது. ‘டி எம் இ எஸ் ஜி’ என்ற கட்டளையின் வெளியீட்டில் ஃபெர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால், உரிய பொதியைப் பட்டணத்தில் இறக்கி, தம்ப் டிரைவில் கொண்டுவந்து போடலாம். தோட்டத்தில் இணையம் எட்டாத இடங்களுக்கு இது தோதான வழி.

நிவிடியா அட்டைகளில் சிக்கல் மூன்று வகை. முதலாவது, அந்நிறுவனத்தின் இயக்கியைப் பயன்படுத்தும்போது கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் இயக்கி அதற்கேற்ப மீண்டும் கட்டப்பட வேண்டும். அது தோற்றால் அடுத்த முறை திரை வராது. இரண்டாவது, செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் ஏற்றும் காப்பு) இயங்கும் கணினியில் இயக்கிக்குக் கையொப்பம் தேவை. இயக்கியைப் போட்ட பிறகு, மறுமுறை எழும்போது ஒரு நீலத் திரை கடவுச்சொல் கேட்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் இயக்கி ஏறாது. மூன்றாவது, பழைய அட்டைகளுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிடுகிறது. ஃபெர்மி வரிசை அட்டைகளுக்கான 390 இயக்கியின் ஆதரவு 2022 இறுதியோடு முடிந்தது. அத்தகைய அட்டைகளுக்குக் கெர்னலோடு வரும் நூவோ இயக்கியே போதும். பள்ளிப் பாடங்களுக்கு அதன் வேகம் தாராளம்.

ஃபிரீபிஎஸ்டி போட்ட கணினியில் கருத்து இதுவே, செயல் சற்று மாறும். வரைகலை இயக்கிகள் ‘டிஆர்எம் கேமாட்’ என்ற தனிப் பொதியில் உள்ளன. அதைப் போட்டு, தொடக்கக் கோப்பில் உரிய இயக்கியின் பெயரை எழுதி, பயனரை ‘வீடியோ’ குழுவில் சேர்க்க வேண்டும். மூன்றில் எது விடுபட்டாலும் மேசைத்தளம் ஒழுங்காக எழாது.

4. காட்சி வழங்கியும் பதிவுக் கோப்பும்

கெர்னலுக்கு மேலே நின்று சாளரங்களை வரைவது காட்சி வழங்கி. எக்ஸ் சாளர முறை 1984இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது, இன்றும் பழக்கத்தில் உள்ளது. அதற்கு மாற்றாக வேலண்ட் 2008இல் தொடங்கப்பட்டது. ஃபெடோரா 2016இல் வேலண்டை இயல்புத் தெரிவாக்கியது, உபுண்டு 21.04 பதிப்பு முதல் அவ்வழியில் நிலைத்தது. எந்த வழங்கி ஓடுகிறது என்பது தெரியாமல் பழுது பார்க்க இயலாது, ஏனெனில் இரண்டும் தம் குறைகளை வெவ்வேறு இடத்தில் எழுதுகின்றன.

மின்னும் கோட்டோடு திரை நின்றால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டியிருக்கும். எழுத்து மட்டுமுள்ள முனையம் வரும். அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழையலாம்.

எக்ஸ் வழங்கியின் பதிவுக் கோப்பு, முதன்மைக் கோப்புறையின் கீழ் ‘வார்’ கோப்புறைக்குள் ‘லாக்’ கோப்புறையில், ‘எக்ஸார்க் புள்ளி 0 புள்ளி லாக்’ என்ற பெயரில் இருக்கும். பயனர் உரிமையில் ஓடும் வழங்கியானால் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும். முந்தைய ஓட்டத்தின் பதிவு, பெயரின் கடைசியில் ‘ஓல்ட்’ என்ற சொல்லோடு நிற்கும். கணினியை மீண்டும் இயக்கிய பிறகு பார்க்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் கோப்பில் பிழைகள் அடைப்புக்குறிக்குள் இரண்டு ‘இ’ எழுத்தோடும், எச்சரிக்கைகள் இரண்டு ‘டபிள்யூ’ எழுத்தோடும் தொடங்கும். இக்குறிகளை விளக்கும் வரி கோப்பின் தலைப்பிலேயே உள்ளது. தேடும்போது அதுவும் பிழைபோல அகப்படும், அதைத் தள்ளிவிட வேண்டும். எச்சரிக்கைகள் பல இருக்கும், பெரும்பாலானவை தீங்கற்றவை. கடைசியில் ‘திரைகள் எவையும் இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி நிற்கலாம். அது விளைவு மட்டுமே. காரணம் அதற்குச் சில வரிகள் மேலே, முதலில் தோன்றும் பிழையில் இருக்கும். இயக்கி கிடைக்கவில்லையா, சாதனத்தைத் திறக்க அனுமதி இல்லையா என்பதை அந்த வரி சொல்லும்.

இன்னொரு காரணம் பழைய அமைப்புக் கோப்பு. இன்றைய எக்ஸ் வழங்கி திரையையும் அட்டையையும் தானே அறிந்துகொள்ளும், ‘எக்ஸார்க் புள்ளி கான்ஃப்’ என்ற கோப்பு தேவையில்லை. வரைகலை அட்டையை மாற்றிய பிறகும் முந்தைய அட்டைக்காக எழுதிய கோப்பு அங்கேயே கிடந்தால், வழங்கி இல்லாத அட்டையைத் தேடி நின்றுவிடும். அந்தக் கோப்பை அழிக்காமல், பெயரை மாற்றிவைத்துவிட்டு மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டும்.

வேலண்டுக்கு இத்தகைய தனிக் கோப்பு இல்லை. ‘ஜர்னல் சிடிஎல்’ கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தான ‘பி’ சேர்த்தால் இந்த முறை எழுந்ததிலிருந்து நடந்தவை எல்லாம் வரும். அதில் நுழைவுத் திரை நிரலின் பெயரைத் தேட வேண்டும். உபுண்டுவில் அது ஜிடிஎம், லினக்ஸ் மின்டில் லைட்டிஎம், கேடிஇ மேசைத்தளத்தில் பெரும்பாலும் எஸ்டிடிஎம். சந்தேகம் தீர, நுழைவுத் திரையின் மூலையிலுள்ள பல்சக்கரக் குறியில் எக்ஸ் அமர்வு இருந்தால் அதைத் தேர்ந்து பார்க்கலாம். 2025இல் வந்த உபுண்டு 25.10 பதிப்பின் க்னோமில் அந்தத் தெரிவு எடுக்கப்பட்டுவிட்டது.

5. நுழைவுத் திரையிலேயே சுழலும்போது

கடவுச்சொல் ஏற்கப்பட்டு, திரை ஒரு கணம் இருண்டு, மறுபடி நுழைவுத் திரையே வந்தால் முதலில் வரைகலை இயக்கியைத் தொட வேண்டியதில்லை. பயனருக்குரிய கோப்புறையில் எழுத முடியாததே பெரும்பாலும் காரணம்.

முனையத்தில் நுழைந்து ‘டி எஃப்’ கட்டளையைக் கொடுத்தால் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். பலர் பகிர்ந்துகொள்ளும் கணினியில் காணொளிகள் சேர்ந்து வட்டு நூறு விழுக்காடு நிரம்பியிருந்தால் அமர்வு தொடங்காது. சிலவற்றை நீக்கினால் போதும்.

இடம் இருந்தால் அடுத்து ‘எக்ஸ் அத்தாரிட்டி’ என்ற மறைகோப்பைப் பார்க்க வேண்டும். நிர்வாகி உரிமை தரும் ‘சுடோ’ சேர்த்து வரைகலை நிரல்களை இயக்கியிருந்தால் இக்கோப்பின் உரிமை நிர்வாகிக்குப் போயிருக்கலாம். எக்ஸ் அமர்வில் பயனரால் அதன்பின் உள்ளே நுழைய முடியாது. உரிமையைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது கோப்பின் பெயரை மாற்றிவிடலாம். அடுத்த நுழைவில் புதிய கோப்பு தானே உருவாகும். இரண்டும் பலிக்காவிட்டால் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி நுழைந்து பார்க்க வேண்டும். புதியவர் நுழைய முடிந்தால் பழுது பழைய கணக்கின் அமைப்புக் கோப்புகளில்தான்.

6. புரொஜெக்டரில் படம் சரியாக வராதபோது

பள்ளிகளில் ‘எல்சிடி’ என்றே அழைக்கப்படும் புரொஜெக்டரோடு இணைக்கும்போது வரும் சிக்கல் தனி வகை. ஒவ்வொரு திரையும் தன்னால் காட்ட முடிந்த அளவுகளின் பட்டியலைக் கம்பி வழியாகக் கணினிக்குச் சொல்கிறது. விஜிஏ பிளக்கின் 15 ஊசிகளில் 12, 15 ஆகியவை இதற்கானவை. மலிவான நீட்டிப்புக் கம்பியிலோ ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் பெட்டியிலோ இந்த ஊசிகளின் இணைப்பு இல்லாமல் போகலாம். பட்டியல் வராதபோது கணினி 1024×768 போன்ற பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே முதலில் குட்டையான, முழு ஊசிகளுள்ள கம்பியில் நேராக இணைத்துப் பார்க்க வேண்டும்.

புரொஜெக்டரை முதலில் இயக்கி, கம்பியைச் செருகி, பிறகு கணினியை எழுப்புவது பாதி சிக்கலைத் தவிர்க்கும். விண்டோஸ் சின்னமுள்ள விசையையும், ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தான ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தினால் பல மேசைத்தளங்களில் ஒரே படமா, நீட்டிய படமா என்ற தெரிவு வரும். எக்ஸ் அமர்வில் ‘எக்ஸ் ஆர் ஏ என் டி ஆர்’ கட்டளை இணைந்துள்ள திரைகளையும் அவற்றின் அளவுகளையும் பட்டியலிடும், அளவை மாற்றவும் செய்யும். வேலண்டில் இக்கட்டளை நிலையைக் காட்டலாம், மாற்றுவதற்கு மேசைத்தளத்தின் அமைப்புப் பக்கத்துக்கே போக வேண்டும்.

எச்டிஎம்ஐ துளையிலிருந்து விஜிஏ புரொஜெக்டருக்குச் செல்ல, வெறும் கம்பி போதாது. இலக்க அலையைத் தொடர் அலையாக மாற்றும் சில்லு உள்ள அடாப்டர் வேண்டும். இதில் சிக்கனம் பார்த்தால் படம் விட்டுவிட்டு வரும்.

7. தமிழ் எழுத்து தெரியாதபோது

காட்சி சரியாக இருந்து, தமிழுக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். டெபியன், உபுண்டு, மின்ட் ஆகியவற்றில் தமிழ் எழுத்துருப் பொதியையோ நோட்டோ எழுத்துருக்களையோ போட்டு, நிரல்களை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

எழுத்துரு இருந்தும் ஒரு கோப்பு மட்டும் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குவியலாகத் தெரிந்தால் அது காட்சிக் கோளாறு அன்று. யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் தட்டிய கோப்பு அது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளிலும், அக்காலத்தின் பிற எழுத்துருக்களிலும் தட்டிய தேர்வுத்தாள்களும் ஆண்டுமலர்களும் இப்படி வரும். எந்தக் குறியாக்கம் என்று அறிந்து, யூனிகோடு மாற்றியில் ஒருமுறை மாற்றிச் சேமித்துவிட்டால் எந்தக் கணினியிலும் திறக்கும்.

8. வேலை ஒழுங்கு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். மாற்றும் முன் பழைய கோப்புக்கு நகல் எடுக்க வேண்டும். மாற்றம் பலிக்காவிட்டால் அதைத் திருப்பிய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்து திரை வந்துவிட்டால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த முறை அதே வேலை முதலிலிருந்து தொடங்கும்.

லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைத் தம்ப் டிரைவிலிருந்து நேராக இயக்கும்படி தயாரித்துக் கணினி அறையில் வைத்திருப்பது பெரிய உதவி. வட்டில் உள்ளதைத் தொடாமல் அதிலிருந்து எழுப்பும்போது திரை நன்றாக வந்தால் வன்பொருள் நலம், பழுது வட்டிலுள்ள மென்பொருளில். அதிலும் வராவிட்டால் பழுது வன்பொருளிலோ, அந்தச் சில்லுக்கு உரிய இயக்கியிலோ. முன்பு லினக்ஸில் நன்றாக ஓடிய கணினியானால் சந்தேகம் வன்பொருள் பக்கமே சாயும்.

கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்ற நிலை வந்தால் நான்கு விவரங்களை எழுதி ஒட்டி அனுப்ப வேண்டும்: படம் எந்தக் கட்டத்தில் நின்றது, அதற்கு முன் என்ன நடந்தது (இடி, புதுப்பிப்பு, இடமாற்றம்), சில்லின் பெயர், பதிவுக் கோப்பின் முதல் பிழை வரி. வட்டிலுள்ள மாணவர் விவரங்களுக்கும் கணக்குகளுக்கும் நகல் எடுத்துவைத்துவிட்டு, வட்டை அழிக்க வேண்டாம் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும்.